வங்கிகள் ஏன் கடல் தாண்டிக் கிளை திறக்கின்றன? திருப்பூர்க்காரர் ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

திருப்பூரில் சிறிய அளவில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “இங்கே லிமிட் (கடன் வரம்பு) கூட்டிக் கேட்டா இன்னொரு சொத்துப் பத்திரம் கேக்கற வங்கிக்கு, ஹாங்காங்லயும் துபாய்லயும் கிளை எதுக்குங்க? நம்ம டெபாசிட் பணந்தானே அங்க போகுது? கரூர் லட்சுமி விலாஸ் வங்கியை சிங்கப்பூர்க்காரங்க எடுத்துக்கிட்டதும் இதே கணக்குத்தானுங்களா?” பார்க்க மூன்று கேள்விகள். அவர் தெரிந்துகொள்ள விரும்புவது, வங்கி வெளிநாடு போவதால் வரும் லாபம் யாருக்கு, நட்டம் வந்தால் அது யார் தலையில் விடியும், நடுவில் தன்னைப் போன்ற ஏற்றுமதியாளருக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வங்கி வெளிநாட்டுக்குப் போவது பெரும்பாலும் அங்கே புது ஆட்களைப் பிடிப்பதற்காக இல்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் வாடிக்கையாளரை இழக்காமல் இருப்பதற்காகத்தான் முதல் கிளை திறக்கப்படுகிறது. ஒரு வங்கியின் உண்மையான சொத்து, கடன் வாங்கியவரைப் பற்றி அது பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருக்கும் விவரம்: எந்த மாதம் கை இறுக்கம், எந்த பையர் இழுத்தடிப்பார், சொன்ன தேதியில் பணம் கட்டுகிறாரா என்பதெல்லாம். அந்த வாடிக்கையாளர் ஹாங்காங்கில் ஒரு வர்த்தக அலுவலகம் போட்டு அங்கே வேறு வங்கியில் கணக்கு ஆரம்பித்தால், அந்த வங்கியும் அதே விவரத்தைச் சேர்க்கத் தொடங்கும். இரண்டு வருடத்தில் ஊரில் இருக்கும் கணக்கையும் கேட்டு வரும். அதைத் தடுக்கத்தான் பழைய வங்கி பின்னாலேயே போகிறது.

நம் மாநிலத்து வங்கிகளின் வரலாறே இதற்குச் சாட்சி. சென்னை வங்கி (பாங்க் ஆஃப் மெட்ராஸ்) 1864இல் கொழும்பில் கிளை திறந்தபோது இலங்கையில் காப்பித் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. இந்தியன் வங்கி 1932இல் கொழும்புக்குப் போனது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்தார். ரங்கூனில் பர்மாக்காரர்களைத் தேடிப் போக வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை; கொடுக்கல் வாங்கலில் இருந்த நகரத்தார் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். அடுத்தடுத்து பினாங்கும் சிங்கப்பூரும் வந்தன. எதிர்த்திசையிலும் இதே கதைதான். ஸ்டாண்டர்டு சார்ட்டர்டின் முன்னோடி வங்கி 1858இல் கல்கத்தாவுக்கு வந்தது பிரிட்டிஷ் வணிகர்களின் பின்னால்.

இன்று கொங்கு நாட்டில் அந்த எதிர்த்திசைதான் அதிகம் கண்ணில் படுகிறது. திருப்பூர்ப் பின்னலாடை, கரூர் வீட்டு உபயோகத் துணிகள், பொள்ளாச்சி தென்னை நார், வளைகுடா நாடுகளுக்குப் போகும் நாமக்கல் முட்டை என எதை எடுத்தாலும் மறுமுனையில் இருக்கும் பையருக்கு ஒரு பெரிய வங்கி இருக்கிறது. அந்த வங்கி தன் வாடிக்கையாளரான பையருக்குச் சரக்குக் கொடுப்பவர்களைத் தேடி இங்கே வருகிறது. வழிமுறை இதுதான். நீங்கள் ஷிப்மென்ட் முடித்து இன்வாய்ஸ் அனுப்புகிறீர்கள். பையர் அதைச் சரிபார்த்து, தன் வங்கியின் இணையதளத்தில் ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று பதிந்துவிடுகிறார். பதிந்தபின் கெடு நாள் வரை காத்திருக்காமல், வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியை வங்கி உங்களுக்கு உடனே தந்துவிடும். கடன் ஆபத்து பையர் மேல் என்பதால் வட்டி பையரின் தகுதிப்படி கணக்காகும். உங்கள் பத்திரத்தை யாரும் கேட்பதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வசதி வந்த பிறகு பையர் 60 நாள் கெடுவை 120 நாளாக நீட்டச் சொல்வார். வட்டி விகிதம் குறைந்திருக்கும், ஆனால் வட்டி கட்டும் நாட்கள் இரட்டிப்பாகியிருக்கும். ஒப்புக்கொள்ளும் முன் விகிதத்தைப் பார்க்காமல் மொத்த வட்டித் தொகையைக் கூட்டிப் பாருங்கள். இன்னொன்று, பையர் ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று பதியும்வரை பணம் கிடையாது. தரத்தில் தகராறு வந்தால் அந்தப் பதிவே தள்ளிப் போகும்.

அந்நிய வங்கிகள் ஏற்றுமதியாளரை விரும்புவதற்கு ரிசர்வ் வங்கியின் விதி ஒன்றும் காரணம். உள்நாட்டு வணிக வங்கிகளைப் போல அவையும் கடனில் 40 சதவீதத்தை விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குத் தர வேண்டும். 20 கிளைகளுக்குக் குறைவாக வைத்திருக்கும் அந்நிய வங்கி, அந்த 40இல் 32 வரை ஏற்றுமதிக் கடனாகவே காட்டலாம். கிராமத்துக் கிளையும் விவசாயக் கடன் அனுபவமும் இல்லாத வங்கிக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அவை முதலில் கதவைத் தட்டுவது பெரிய ஏற்றுமதியாளர்களைத்தான். இருபது தையல் மெஷின் வைத்திருப்பவரைத் தேடி வர அவற்றுக்கு ஆள் பலம் கிடையாது.

இரண்டாவது காரணம் டாலர். கேள்வி கேட்டவருக்கு நேரடியாகப் படும் விஷயம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் ஆர்டருக்குச் சரக்குத் தயாரிக்க முன்கூட்டியே தரும் பேக்கிங் கிரெடிட் கடனை வங்கி ரூபாயிலும் தரலாம், டாலரிலும் தரலாம். டாலரில் தர வங்கியிடம் டாலர் இருக்க வேண்டும். வெளிநாடு வாழ் இந்தியர்கள் வைத்திருக்கும் அந்நியச் செலாவணி டெபாசிட், ஏற்றுமதியாளர்களின் டாலர் கணக்கில் தங்கும் இருப்பு, பிற வங்கிகளிடம் வாங்கும் கடன் ஆகியவைதான் அதற்கு ஊற்று. சிங்கப்பூரிலோ ஹாங்காங்கிலோ கிளை இருந்தால் அங்குள்ள பணச் சந்தையில் அந்தக் கிளையே நேரடியாக டாலர் திரட்டி, உங்கள் பில்லை டிஸ்கவுன்ட் செய்யும் (கெடுவுக்கு முன்பே வட்டி கழித்துத் தரும்) பணமாக இங்கே அனுப்ப முடியும். கிளை இல்லாத வங்கி இன்னொரு வங்கியிடம் வாங்கி, அதன் லாபத்தையும் சேர்த்து உங்களிடம் வசூலிக்கும்.

டாலர் கடன் மலிவு என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விகிதங்கள் உதாரணத்துக்கு மட்டுமே. ஒரு லட்சம் டாலர் ஆர்டர், 90 நாள், டாலர் 85 ரூபாய் என்றால் 85 லட்சம். ரூபாய்க் கடன் 9 சதவீதம் என்றால், 365 நாள் கணக்கில் வட்டி சுமார் 1,88,600 ரூபாய். டாலர் கடன் 6.5 சதவீதம் என்றால், 360 நாள் கணக்கில் 1,625 டாலர், அதாவது சுமார் 1,38,100 ரூபாய். டாலர் வட்டிக்கு வருடத்தை 360 நாளாக எடுப்பது வழக்கம். வித்தியாசம் 50,500 ரூபாய். இந்த எண்ணைக் காட்டித்தான் டாலர் கடனை வாங்கச் சொல்வார்கள். ஆனால் டாலர் கடன் வாங்கும்போது அந்த டாலரை இன்றே இன்றைய விலைக்கு விற்றுவிடுகிறீர்கள். ரூபாய்க் கடன் வாங்கியிருந்தால், வரப்போகும் டாலரை முன்பேர ஒப்பந்தத்தில் 90 நாள் கழித்துத் தருவதாக விற்று, அதற்கான பிரீமியத்தை, அதாவது இன்றைய விலைக்கு மேல் கிடைக்கும் கூடுதல் தொகையை, வாங்கியிருக்கலாம். பிரீமியம் வருடத்துக்கு 2 சதவீதம் என்று வைத்தால் அது சுமார் 41,900 ரூபாய். உண்மையில் மிச்சம் 8,600 ரூபாய்தான். பிரீமியம் குறையும் காலத்தில் டாலர் கடனால் நிஜமாகவே நல்ல லாபம்; கூடும் காலத்தில் ரூபாய்க் கடனே மேல். ஆர்டர் ரத்தானால் நிலைமை வேறு: டாலர் கடனை அன்றைக்கு வங்கி டாலர் விற்கும் விலையில் அடைக்க வேண்டும், சலுகை வட்டியும் போய்விடும். இன்வாய்ஸ் யூரோவில், கடன் டாலரில் என்றால் இரண்டு கரன்சிக்கும் நடுவே விலை மாறும் ஆபத்தும் சேரும்.

அடுத்தது ‘நம்ம டெபாசிட் பணம்’. திருப்பூர்க் கிளையில் போட்ட ரூபாய் துபாயில் கடனாகப் போவதில்லை என்பது உறுதியான விஷயம். வெளிநாட்டுக் கிளை திறக்க ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். தலைமை அலுவலகம் ஒரு மூலதனத்தை ஒதுக்குகிறது. மற்றபடி அந்தக் கிளை அங்கேயே, அந்த ஊர்ப் பணத்திலோ டாலரிலோ, டெபாசிட்டும் கடனும் திரட்டி நடத்திக்கொள்ள வேண்டும். ஆனால் உங்கள் சந்தேகத்தின் உள்ளே இருக்கும் பயம் நியாயமானது. போவது பணம் இல்லையென்றாலும் ஆபத்து திரும்பி வரும். கிளை என்பது சட்டப்படி அதே வங்கிதான். அங்கே கடன் வாராமல் போனால் நட்டம் நேராக இங்குள்ள பேலன்ஸ் ஷீட்டில் உட்காரும். துணை நிறுவனமாகத் தனி மூலதனத்தோடு தொடங்கினால், சட்டப்படி தாய் வங்கியின் நட்டம் போட்ட மூலதனத்தோடு நிற்கும். நடைமுறையில் பெயரைக் காப்பாற்றத் தாய் வங்கி கூடுதல் பணம் போடத்தான் செய்யும்.

இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஐஸ்லாந்தின் லாண்ட்ஸ்பாங்கி வங்கி, ஐஸ்சேவ் என்ற பெயரில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் கூடுதல் வட்டி காட்டி டெபாசிட் திரட்டியது. அவை துணை நிறுவனங்கள் அல்ல, கிளைகள். 2008 அக்டோபரில் வங்கி விழுந்தபோது, அந்த டெபாசிட்களுக்கு உத்தரவாதம் தர வேண்டியது மூன்றரை லட்சம் மக்கள்கூட இல்லாத ஐஸ்லாந்தின் காப்பீட்டு நிதி. அதனால் முடியவில்லை. பிரிட்டிஷ், டச்சு அரசுகள் தங்கள் மக்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு அதை ஐஸ்லாந்திடம் திருப்பிக் கேட்டன. விவகாரம் வழக்கானது. 2013 ஜனவரியில் தீர்ப்பு ஐஸ்லாந்துக்குச் சாதகமாக வந்தது.

நம் நாட்டில் 2018இல் வெளியான பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியும் வெளிநாட்டுக் கிளைகள் வழியாகத்தான் நடந்தது. மும்பைக் கிளை ஒன்றிலிருந்து, ‘இந்த இறக்குமதியாளருக்குப் பணம் கொடுங்கள், கெடுவில் நாங்கள் தருகிறோம்’ என்ற உறுதிக் கடிதங்கள், வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாகப் போயின. அவற்றை நம்பி மற்ற இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகள் டாலர் கொடுத்தன. ஸ்விஃப்ட் அமைப்பு வங்கியின் உள்கணக்கு மென்பொருளோடு இணைக்கப்படாததால், கொடுத்த உறுதி எதுவும் அந்த வங்கியின் புத்தகத்தில் ஏறவில்லை. பழைய கடிதத்தை அடைக்கப் புதுக் கடிதம் என்று வருடக்கணக்கில் ஓடியது. 2018 மார்ச் 13 அன்று ரிசர்வ் வங்கி இந்த வகைக் கடிதங்களையே நிறுத்திவிட்டது. ஜெர்மனியிலிருந்தும் தைவானிலிருந்தும் நிட்டிங் மெஷின் இறக்கும் நேர்மையான யூனிட்டுகளும் மலிவான அந்த வழியை இழந்து, எல்.சி.க்கும் (லெட்டர் ஆஃப் கிரெடிட்) வங்கி உத்தரவாதத்துக்கும் மாற வேண்டியதாயிற்று. அதையொட்டிப் பொதுத்துறை வங்கிகள் லாபமில்லாத வெளிநாட்டுக் கிளைகளை மூடவும் ஆரம்பித்தன. ஒரே ஊரில் நான்கைந்து அரசு வங்கிகள் தனித்தனியாகக் கிளை வைத்து, ஒரே சில கம்பெனிகளுக்குப் போட்டி போட்டுக் கடன் கொடுத்ததில் எந்தப் பொருளும் இருக்கவில்லை என்பது என் கருத்து.

அரசியல் ஆபத்தும் உண்டு. ரங்கூன் கிளைகள் 1963இல் பர்மிய அரசு எல்லா வங்கிகளையும் தேசியமயமாக்கியபோது போயின. மலேசியாவில் நடந்தது இன்னும் விசித்திரம். 1969இல் இந்திரா காந்தி அரசு இங்கே வங்கிகளை அரசுடைமை ஆக்கியது. வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி தங்கள் நாட்டில் இயங்கக் கூடாது என்று மலேசியச் சட்டம் சொன்னது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, யூகோ வங்கி மூன்றும் தங்கள் மலேசியக் கிளைகளை ஒன்றாக்கி 1973இல் யுனைடெட் ஏசியன் வங்கி என்று தனி நிறுவனம் அமைக்க வேண்டியதாயிற்று. டெல்லியில் எடுத்த முடிவு பினாங்குக் கிளையின் பெயர்ப்பலகையை மாற்றியது.

இனி லட்சுமி விலாஸ். 1926இல் கரூரில் பிறந்த வங்கி. வாராக் கடனால் மூலதனம் சுழிக்கும் கீழே போனது. 2020 நவம்பர் 17 அன்று, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற கட்டுப்பாடு வந்தது. நவம்பர் 27 முதல் அது சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியுடைய இந்தியத் துணை நிறுவனமான டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு இணைந்தது. டெபாசிட்தாரர்களின் பணம் முழுதும் தப்பியது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தப் பங்குகளைத் தலைமுறையாகப் பெட்டியில் வைத்திருந்த கரூர்க் குடும்பங்களின் வருத்தம் நியாயமானது. டி.பி.எஸ். ஏன் வந்தது? அது 1994 முதலே மும்பையில் இருக்கிறது. 2019இல் இந்தியக் கிளைகளைத் துணை நிறுவனமாக மாற்றியது. அந்நிய வங்கி கிளைகளாகவே இருந்தால் புதுக் கிளைக்கு ஒவ்வொரு முறையும் அனுமதிக்கு நிற்க வேண்டும். வருமான வரியும் உள்நாட்டு நிறுவனத்தைவிட அதிகம் (2024 வரை 40, பிறகு 35 சதவீதம், அதன்மேல் சர்சார்ஜ்). துணை நிறுவனமானால் கிட்டத்தட்ட உள்நாட்டு வங்கிக்குள்ள உரிமை. பதிலுக்கு 500 கோடி ரூபாய் குறைந்தபட்ச மூலதனமும், புதுக் கிளைகளில் கால்பங்கை வங்கியே இல்லாத கிராமங்களில் திறக்கும் கடமையும் வரும். அப்படி மாறி நின்ற வங்கிக்கு, 2,500 கோடி ரூபாய் மூலதனம் போட்டதும் 560க்கு மேற்பட்ட கிளைகள் ஒரே நாளில் கிடைத்தன. சிங்கப்பூர் மிகச் சிறிய சந்தை. அங்கே வளர இடமில்லாத வங்கி வெளியே வளரத்தான் பார்க்கும். ஆகவே இது முதலில் சொன்ன ‘வாடிக்கையாளரைத் தொடர்ந்து போகும்’ வகை இல்லை, உள்ளூர் மக்களையே வாடிக்கையாளராக்க வரும் வகை. அடகு நகைக்கடனும் சிறு தொழில்கடனும் வைத்த கிளைகளை அது எவ்வளவு லாபமாக நடத்தும் என்பது வேறு கேள்வி. அதற்குச் சில வருடக் கணக்குகளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஏனென்றால் இந்த இரண்டாம் வகையில்தான் பெரிய வங்கிகளே அதிகம் சூடு பட்டிருக்கின்றன. எச்.எஸ்.பி.சி. 2003இல் அமெரிக்காவின் ஹவுஸ்ஹோல்டு என்ற கடன் நிறுவனத்தை வாங்கி, வீட்டுக்கடன் சரிவில் பெரும் நட்டப்பட்டு, 2021இல் அந்நாட்டுச் சாதாரண வாடிக்கையாளர் தொழிலைவிட்டே வெளியேற முடிவெடுத்தது. 1902இல் இந்தியா வந்த சிட்டி வங்கி, கிரெடிட் கார்டு, சேமிப்புக் கணக்குகளை 2023 மார்ச்சில் ஆக்ஸிஸ் வங்கிக்குக் கொடுத்துவிட்டு, கம்பெனிகளுக்கான சேவையை மட்டும் வைத்துக்கொண்டது. எதை விற்றது, எதை வைத்துக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். மறுபக்கம் ஸ்பெயினின் பி.பி.வி.ஏ. மெக்சிகோவில் வேரூன்றி நல்ல லாபம் பார்க்கிறது. மொழி ஒன்று, சட்டமும் பழக்கமும் நெருக்கம். ஜப்பானில் பல வருடம் வட்டி பூஜ்யத்தை ஒட்டியே இருந்ததால் அந்நாட்டு வங்கிகள் ஆசியா முழுதும் பங்கு வாங்குகின்றன. 2025இல் சுமிட்டோமோ மிட்சுய் நம் யெஸ் வங்கியில் 20 சதவீதத்துக்கு மேல் எடுத்தது.

‘பல நாடுகளில் இருந்தால் ஆபத்து பிரிந்துவிடும்’ என்று ஆண்டறிக்கைகளில் எழுதுவார்கள். இந்தக் காரணத்தை நான் முழுதாக நம்பமாட்டேன். சாதாரணக் காலத்தில் அது உண்மை. 2008 போன்ற நெருக்கடியில் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் பணம் வற்றியது. கூடவே தெரியாத ஊரில் கடைசியாக வந்தவனுக்கு, உள்ளூர் வங்கிகள் வேண்டாமென்று தள்ளிய கடன்தாரர்களே மிஞ்சுவார்கள்.

கரூர் வைஸ்யா வங்கி போன்றவை வெளிநாட்டுக் கிளை இல்லாமலேயே ஏற்றுமதிக் கணக்குகளை நடத்துவது எப்படி என்றும் கேட்கலாம். வெளிநாட்டு வங்கி ஒன்றில் டாலர் கணக்கு வைத்து அதன் வழியாகப் பணத்தை வாங்கிக் கொடுப்பதுதான் வழி. கிளை வைக்கும் செலவில் சிறு பங்குதான் ஆகும். குறை என்னவென்றால், நடுவில் வரும் ஒவ்வொரு வங்கியும் பத்து, இருபது டாலர் பிடிக்கும். ஏதாவது பெயரோ முகவரியோ சந்தேகம் என்றால் பணம் நடுவிலேயே நிற்கும், எங்கே நிற்கிறது என்று சொல்லவும் நேரமாகும். 2015க்குப் பிறகு குஜராத்தில் காந்திநகரின் கிஃப்ட் சிட்டி என்ற சர்வதேச நிதி மையத்தில் இரண்டு கோடி டாலர் மூலதனத்தோடு ஒரு பிரிவு திறந்து, வெளிநாட்டுக் கிளை செய்யும் டாலர் கடன் வேலைகள் பலவற்றை அங்கிருந்தே செய்யும் வழியும் வந்திருக்கிறது.

ஆகவே வங்கிக்கு எத்தனை நாட்டில் கிளை இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். ஃபாரெக்ஸ் பிரிவில் உட்கார்ந்து இவற்றைக் கேளுங்கள்: டாலர் பேக்கிங் கிரெடிட் இப்போது சோஃபர் என்ற டாலர் அடிப்படை வட்டி விகிதத்துக்கு மேல் எவ்வளவு, அது எத்தனை நாளைக்கு நிலையாக இருக்கும், அதே கெடுவுக்கு இன்று முன்பேரப் பிரீமியம் எவ்வளவு, டாலரை ரூபாயாக்கும்போது சந்தை விலையிலிருந்து எத்தனை பைசா பிடிக்கிறார்கள். ஒரு லட்சம் டாலரில் 10 பைசா என்றால் 10,000 ரூபாய், மேலே கணக்கிட்ட வட்டி மிச்சம் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். வாங்கிய பதிலை எழுத்தில் கேளுங்கள். அதே நாளில் இன்னொரு வங்கியிலும் அதே நான்கையும் கேட்டு ஒப்பிடுங்கள். லிமிட் கூட்டுவதற்குப் பத்திரம் கேட்பதைப் பொறுத்தவரை, ஏற்றுமதிக் கடன் காப்பீட்டுக் கழகமான ஈ.சி.ஜி.சி.யின் காப்பும், கடந்த இரண்டு வருட பில்கள் கெடுவுக்குள் வசூலான பட்டியலும் கையில் இருந்தால் பேச இடம் கிடைக்கும். பட்டியலில் பையர் வாரியாக நாள் கணக்கு இருக்கட்டும். கிளை மேலாளர் மேலிடத்துக்கு அனுப்பும் குறிப்பில் அவர் வைக்கக்கூடிய ஆதாரம் அதுதான்.